ஆள் உண்டு

மகளிடம் நான் சொன்ன பொய் ஒரே ஒரு வாக்கியம். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாம் கம்பெனி கூட்டுக்காரிகளோட பார்க்குல நாடகம் பாக்கப் போறேன் மக்ளே, நீ என்னப் பத்திக் கவலைப்படாதே." பார்க் உண்மை. நாடகம் உண்மை. கூட்டுக்காரிகள் என்ற அந்தத் தோழிகள்தான் இல்லை.

பொய் சொல்லும்படி ஆனதற்கு அவள்தான் காரணம். பர்கூர் அரசுக் கல்லூரியில் பொறியியல் முடித்து, இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் புனேயில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஜூன் கடைசியில் சேர வேண்டும். சேருவதா வேண்டாமா என்று பதினைந்து நாள் இழுத்தடித்தாள். கேட்டால் சாப்பாடு ஒத்துக்காது, இந்தி வராது என்று ஏதாவது ஒரு சாக்கு. கடைசியில் ஒருநாள் உள்ளதைச் சொன்னாள். கோயம்புத்தூரென்றால் பஸ் ஏறினால் வீடு, புனேயிலிருந்து நினைத்தபோது வர முடியாது. "நீ தனியா இருப்பே. அப்பாவும் இல்ல. எனக்கு அங்க வேலையே ஓடாதும்மா."

அவள் அப்பா இறந்து அப்போது ஐந்து வருடம். என்னால் ஒரு பிள்ளையின் வேலை நிற்கிறது என்றால் எனக்குச் சோறு இறங்குமா? அதனால்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவள் நம்பினால் போவாள், நம்பாவிட்டால் போகமாட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

நாடகத்துக்கு நான் போக ஆரம்பித்ததற்குக் கலை ஆர்வமெல்லாம் காரணம் இல்லை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே ஷீட். ஏப்ரல் மாதம் நாலு மணிக்கு உள்ளே இருந்தால் ஆள் வெந்துவிடும். ஓசூர் என்றால் குளுகுளு என்று இருக்கும் என்று எங்கள் நாகர்கோவில் பக்கம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது, மே மாதத்தில்கூட ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனேன். இப்போது பகலில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாயங்காலம் மட்டும் பழைய ஓசூர் கொஞ்ச நேரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்தக் காற்றுக்காக டவுன் பஸ் ஏறி பார்க்குக்குப் போனேன். அங்கே பாதி வட்டமாகக் கட்டியிருக்கும் சிமெண்ட் படிகளுக்குக் கீழே மேடையில் சில பேர் கிரீடம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மே கடைசி வரை நாடகம், அனுமதி இலவசம் என்று ஒரு அட்டையில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வேப்பமரத்தில் கட்டியிருந்தது.

தெலுங்கு எழுத்து எனக்குத் தெரியாது. கன்னட எழுத்தும் தெரியாது. மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

நடித்தவர்கள் பலரும் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பதினெட்டு வருடமாகக் கடைசி இன்ஸ்பெக்ஷனில் நின்று, இரும்புத் துண்டில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து ரிஜெக்ட் பெட்டியில் போடும் கண் என்னுடையது. ராஜாவின் பட்டு அங்கிக்குக் கீழே சேஃப்டி ஷூ தெரிந்ததை முதல் நிமிடமே பிடித்துவிட்டேன். மைக் அடிக்கடி கத்தும். பக்கத்தில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல் கிறீச்சிடும். வெளியே நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் மந்திரி அது ஓயும்வரை வாயைத் திறந்தபடியே நிற்பார். என் பெட்டியில் போட்டால் முழு நாடகமும் ரிஜெக்ட்தான். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

ராஜா கன்னடம் பேசினார். மந்திரி தமிழ். சேவகன் தெலுங்கு. ராஜா கன்னடத்தில் கேட்டதற்கு மந்திரி தமிழில் பதில் சொல்ல, சேவகன் இரண்டுக்கும் சேர்த்துத் தெலுங்கில் முணுமுணுப்பான். காய்கறிச் சந்தையில் நடப்பதை அப்படியே மேடையில் ஏற்றியது மாதிரி. ராஜா ஒரு வேடிக்கை சொன்னால் கன்னடம் தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். அவர்கள் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொன்னதும் இரண்டாவது சிரிப்பு. அதைக் கேட்டவர் தன் அத்தைக்கும் மாமாவுக்கும் சொல்ல, மேல் படியிலிருந்து மூன்றாவது சிரிப்பு. நாலாவதாகச் சிரிப்பவள் நான். சொல்ல ஆளில்லாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரிப்பவள்.

இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் இரண்டு பாஷையும் வராதது வெட்கக்கேடுதான். என் வீட்டுக்காரர் இருந்தவரை அது அவர் இலாகா. வீட்டு ஓனர் தெலுங்கு, எதிர்வீடு கன்னடம், கேஸ் கொண்டுவருகிறவர் இரண்டும். எல்லோரிடமும் அவர்தான் பேசுவார். பேசி முடித்துவிட்டு எனக்கு நாகர்கோவில் தமிழில் சுருக்கிச் சொல்வார். மகளும் தெருவில் விளையாடியே இரண்டையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தேவைப்படவே இல்லை. அவர் போனபோது என் வீட்டிலிருந்து மூன்று பேர் போன மாதிரி இருந்தது.

முதல் ஞாயிறே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். தனியாக உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "தனியாவா வந்தீங்க? வீட்ல யாரும் வர்லியா?" என்று ஒரு பெண். மசாலாப் பொரி விற்கிறவர்கூட "ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது பொரியைத்தான், எனக்குத்தான் வேறு மாதிரி கேட்டது. அடுத்த வாரம் பையில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு அதை விரித்து வைத்தேன். யாராவது வந்து கேட்டால் "ஆள் உண்டு" என்பேன். பக்கத்தில் துண்டு கிடந்தால் நாம் தனியாக வந்தவர் இல்லை, யாருக்கோ காத்திருப்பவர். வராத ஆள்மேல் கோபம் வந்த மாதிரி இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்து வைப்பதும் உண்டு. மேடையில் நடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாவது வாரம்தான் அந்த அம்மா வந்தார். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே வயது. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் ஒன்றும் இல்லை, ஒரு பர்ஸ்கூட. துண்டுக்கு முன்னால் வந்து நின்று, "இங்க யாருனா வர்றாங்களா?" என்று கேட்டார். நான் மேடையைப் பார்த்தபடியே "உண்டு" என்றேன்.

அவர் தலையாட்டினார். குனிந்து துண்டை எடுத்தார். நாலாக மடித்து என் மடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஏறிய கோபத்தைச் சொல்லி முடியாது. ஆள் வருகிறது என்று சொல்கிறேன், இந்த அம்மா பாட்டுக்கு உட்காருகிறதே, என்ன தைரியம். சண்டை பிடிக்கலாம் என்றால், வரப்போகிற ஆள் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, ராஜா நீளமாக ஏதோ பேசி முடித்ததும் படிகள் எல்லாம் சிரித்தபோது, நான் முழித்ததை எப்படிக் கவனித்தாரோ, "செருப்பக் காணோமாம்" என்றார். மூன்று நிமிட வசனத்துக்கு இரண்டே சொல். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பில் எனக்கு மூன்றாவது இடம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நேராக வந்து துண்டை அவரே எடுத்து மடித்தார். இனியும் விட்டால் சரிவராது என்று, "அக்கா, அன்னைக்கே ஆள் உண்டுன்னு சொன்னேன்லா?" என்றேன்.

"அதான் உக்காந்தேன்."

"ஆள் உண்டுன்னா எப்படிக்கா உக்காருவிய?"

"நீதானம்மா உண்டு உண்டுன்றே. அப்புறம் ஏன் உக்காந்தேன்னு கேக்கறே? நல்லா கீதே நாயம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டோம். முன்படியில் இருந்த ஒரு பெண்தான் திரும்பிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தை அவிழ்த்தாள். எங்கள் ஊரில் 'இருக்கிறது' என்பதற்கு 'உண்டு'. தெலுங்கில் 'உண்டு' என்றால் 'இரு'. அதுவும் மரியாதை இல்லாமல், சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல. ஆள் வருகிறது, உட்காராதே என்று நான் சொன்னது, அந்த அம்மாவின் காதில் இரு, போகாதே என்று விழுந்திருக்கிறது.

லைனில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இந்த 'உண்டு'வை வைத்து வருடக்கணக்காக என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் அது இப்படி ஒரு வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எனுக்கும் மொதல்ல கோவந்தான். நம்மள விட சின்னவ, உண்டுன்னு சொல்றாளேன்னு. அப்புறம் பாத்தேன். எங்க வூட்ல ஒம்போது பேரு. போ, வா, எடு, குடு, ஆக்கு, கழுவு. இருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. சரி, இவளாச்சும் சொல்றாளேன்னு உக்காந்துக்கினேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்த இடம் காலிதான், யாரும் வரவில்லை, அது வெறும் துண்டுதான் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருடத்தில் நான் வெளியாளிடம் சொன்ன முதல் நிஜம் அதுவாகத்தான் இருக்கும். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். யாருனா வர்றதா இருந்தா இப்டி திரும்பித் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றார்.

அவருடையது பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர், வயல் இருந்த இடத்தில் கம்பெனி வந்ததும் அதே கம்பெனியின் கேண்டீனில் காய் நறுக்கப் போய்விட்டார். நாடகம் பார்க்க வருவது தனியாக இருக்கத்தான் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. தனியாக இருக்க யாராவது பஸ் ஏறி வருவார்களா? "இங்க வந்தா ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்புடறதில்ல. அதுக்காவ வர்றேன். நீ பேசாத இருந்தீன்னா நல்லாருக்கும்." பேச ஆள் இல்லாமல் வந்த எனக்குப் பேச்சே வேண்டாம் என்கிற ஆள் வந்து வாய்த்தது. யாரிடம் போய் முறையிட?

அந்த வாரம் மகள் போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். கடைசி ஞாயிறு நாடகத்துக்கு அவளும் வருகிறாளாம். "உன் ஃப்ரெண்ட்ஸை எல்லாம் பாக்கணும்மா. பாத்துட்டா நிம்மதியா ஓகே சொல்லிடுவேன். திங்கக்கெழமதான் அவங்களுக்குப் பதில் அனுப்பணும்." எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று பேர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் லைனில் மூன்று பேரைக் கேட்டேன். ஒருத்திக்கு ஞாயிறுதான் துணி துவைக்கிற நாள். ஒருத்தி பிள்ளைகளோடு பெங்களூர் போகிறாள். மூன்றாவது பெண் "ஓ, வர்றேனே" என்று சொன்ன வேகத்திலேயே வரமாட்டாள் என்று தெரிந்தது. அவர்கள்மேல் தப்பில்லை. வாரத்தில் ஆறு நாள் பக்கத்தில் நின்றும், நான் யார் வீட்டுக்கும் போனதில்லை, யாரையும் வீட்டுக்கு வா என்றதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட வாசலில் நின்றே பேசி அனுப்பியவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தோழி வேண்டும் என்றால் எங்கிருந்து கிடைக்கும்?

ஆக மிச்சம் அந்த அம்மா ஒருவர்தான். அடுத்த ஞாயிறு நாடகம் ஆரம்பித்து பத்து நிமிடத்தில் ஆலங்கட்டியோடு மழை கொட்டியது. ராஜா கிரீடத்தைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் உடற்பயிற்சிக் கருவிகளுக்கு மேலே போட்டிருந்த தகரக் கூரைக்குக் கீழே ஒண்டினோம். இதுதான் சமயம் என்று, தகரத்தின்மேல் ஆலங்கட்டி விழும் சத்தத்தில் அவர் காதுக்குள் கத்திச் சொன்னேன். மகள், புனே, திங்கட்கிழமை, மூன்று தோழிகள் எல்லாவற்றையும். என் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர் என்று மட்டும் சொன்னால் போதும், மற்ற இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று நான் சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

"பொய்யி என் வாயில நிக்காதும்மா."

"ஒரே ஒரு நாள் அக்கா. எம்மகளுக்காக."

"பொண்ணு போவணும்னு நெசமா நெனைக்கறியா?"

நினைக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "வர்றேன். என்ன வருதோ பேசறேன்" என்றார். 

கடைசி ஞாயிறு வந்தது. மகள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியம் முழுக்க என் சமையலைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். பார்க்குக்கு ஐந்தரைக்கே போய், நாலு பேர் உட்காரும் அளவுக்கு இரண்டு துண்டுகளை விரித்தேன். கூட்டம் நிறைந்தது. நான் வாசலைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, நாடகம் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஊரில் கம்பெனிச் சங்கு காணாமல் போய்விடுகிறது, எப்போது எழுவது எப்போது தூங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் கதை. அந்த அம்மாவைக் காணவில்லை. "ரெண்டு பேருக்குக் காய்ச்சல்" என்றேன். "அப்போ மூணாவது ஆளு?" என்றாள். "வந்துருவாவ."

அவர் வந்தபோது சங்கைத் தேடிப் போனவர்கள் பாதி வழியில் இருந்தார்கள். மூச்சு வாங்க வந்து, துண்டை மடித்து என்னிடம் கொடுத்து, மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. "இவ்வோதான் மக்ளே, எங்க லைன்ல..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மகள் அவருடைய இரட்டை மூக்குத்தியைப் பார்த்து, மரியாதையாகத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

என் மகளுக்குத் தெலுங்கு தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இதைவிட மடத்தனம் இருக்க முடியுமா? தமிழில் பேசியிருந்தால் நடுவில் புகுந்து சமாளித்திருப்பேன், இருமியிருப்பேன், பொரி வாங்கப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருப்பேன். இப்போது இரண்டு பேரும் என் கண்ணெதிரே, தாழ்ந்த குரலில், எனக்குத் தெரியாத பாஷையில் பேசிக்கொண்டே போனார்கள். மகள் கேட்கிறாள், அவர் சொல்கிறார். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், மறுபடி கேட்கிறாள். என்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிகிறது, என்ன பேச்சு என்று தெரியவில்லை. மேடையிலும் ஒன்றும் புரியவில்லை, படியிலும் ஒன்றும் புரியவில்லை. அத்தனை கூட்டத்தில் அத்தனை தனியாக நான் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"நாலுகு வாராலு" என்று காதில் விழுந்தது. நாலு என்பது எந்தப் பாஷையிலும் நாலுதான், எங்களுக்குள் நாலு வாரப் பழக்கம்தான் என்கிறார். பிறகு ஒரு சொல், அந்த அம்மா ரொம்ப மெதுவாகச் சொன்னது. "ஒக்கத்தே." அதை மட்டும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, வீட்டு ஓனரம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் வாசலைக் காட்டி அந்தச் சொல்லைத்தான் சொல்வார். ஒருத்தியாக என்று அர்த்தம். துணை இல்லாமல் என்று அர்த்தம்.

மகள் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடையில் கன்னடத்தில் யாரோ ஏதோ சொல்ல, பலர் சிரித்தார்கள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டு, என் காதுப் பக்கம் குனிந்து, "சங்கை யாரும் திருடலயாம்மா. அதுவே சலிச்சுப்போயி லீவு போட்டுட்டுப் போயிடுச்சாம்" என்றாள். அவள் அப்பா சொல்வது போலவே சுருக்கமாக. நான் சிரிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை வசனத்துக்கு அழுகிற பொம்பளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாடகம் முடிந்து எழுந்தபோது அந்த அம்மாவிடம், "ஏன்க்கா இப்படிச் செஞ்சிய?" என்று கேட்டேன். அவர் முந்தானையை உதறிக்கொண்டார். "கேட்டுச்சி, சொன்னேன். உனுக்கு ஒரு பொண்ணு கீது, ஏன் வருத்தமா கீறேன்னு கேக்குது. எனுக்கு வூட்ல எட்டு பேரு இருக்கறாங்க, ஒருத்தருக்கும் கேக்கத் தோணல." கோபப்பட முடியவில்லை. அடுத்த வாரம் வருவீர்களா என்றேன். நாடகம்தான் முடிந்துவிட்டதே, இனி வீட்டில் என்ன சொல்லி வெளியே வருவது என்றார். நெற்றிப் பொட்டை விரலால் சரி செய்துகொண்டு பாகலூர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

பேருந்து நிலையத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா பொய் சொன்னே?" என்றாள்.

"நீ போணும்னுதான்."

"நான் போறது உனக்கு இஷ்டமா? நெஜத்தச் சொல்லு."

இனி மறைக்க என்ன இருக்கிறது? "இஷ்டம் இல்ல மக்ளே. ராத்திரி ஆனா வீடு கடிக்க வருது. லீவு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, மறுநாள் கம்பெனில வாயத் தொறந்தா சத்தமே வரமாட்டேங்குது. நீ போகண்டாம்னுதான் இருக்கு. ஆனாலும் நீ போணும். ரெண்டும் நெசந்தான்."

சொல்லிவிட்டு, போச்சு, இனி இவள் போகமாட்டாள், என் கையாலேயே கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கம் இல்லை. பஸ் வந்ததும் எழுந்தாள். படியில் ஏறி நின்று, "நான் போறேம்மா. நீ நல்லாருக்கேன்னு சொன்னப்பல்லாம் எனக்கு சந்தேகம். நல்லா இல்லேன்னு சொல்லிட்டே பாரு, இப்போ உன் பேச்சுல நம்பிக்கை வந்துடுச்சு. ஆனா இனிமே போன்ல என்கிட்ட இல்லாத ஆளச் சொல்லாதே" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். நான் சரி என்றது அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை பதில் அனுப்பினாள். ஜூனில் புனே போனாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. நடந்த பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் கட்டிலில் என் துணிகளை மடித்து அடுக்கி வைத்தேன், காலியாகத் தெரியக்கூடாது என்று.

அவள் போய் மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். வெயில் போய் சாரல் காற்று ஆரம்பித்திருந்தது. நாடகம் இல்லை என்று தெரிந்தும் பழக்க தோஷத்தில் பார்க்குக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். ஒரு கணவனும் மனைவியும் மேடையைச் சுற்றி வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. போன் அடித்தது.

"எங்கம்மா இருக்கே?"

"பார்க்குல."

"கூட யாரு?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஒரு பெயர், ஒரு ஆள், யாராவது. "யாரும் இல்ல மக்ளே" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தேன்.

"எனக்கும் இங்க யாரும் இல்லம்மா. வந்ததுலருந்தே இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் துடித்தது. சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நீ என்றாள். இல்லை என்றேன். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் இருட்டும்வரை இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.